ஒதுக்கப்படும் பிள்ளையும் ஒதுக்கும் பிள்ளையும்
நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒத்துணர்வைக் கற்பித்தல்



பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும் பிள்ளையிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. சாப்பிட்டாயா? வீட்டுப்பாடம் இருக்கிறதா? தேர்வில் எத்தனை மார்க்? ஆனால் "இன்று உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டது யார்? தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது யார்?" என்று கேட்கும் வீடுகள் குறைவு. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் மகிழ்ச்சியும் துயரமும் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குள்தான் அடங்கியிருக்கின்றன.

பிறரை ஒதுக்காமல் ஏற்றுக்கொள்வதும், பிறருடைய உள்ளத்து உணர்வைத் தம் உள்ளத்தில் உணர்வதும் தானாக வளர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படி வளர்வதில்லை. வாய்ப்பாட்டைக் கற்றுக்கொடுப்பது போல, மன்றாட்டைக் கற்றுக்கொடுப்பது போல, இதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். மறைக்கல்வி ஆசிரியர்கள், பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர் ஆகிய மூவருக்கும் பயன்படும் வகையில் சில கருத்துகளையும் வழிமுறைகளையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. ஏன் இந்த வயது?

பதினொன்று முதல் பதினான்கு வயது வரை உள்ள காலம் மிக முக்கியமானது. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ழான் பியாஜே, ஏறக்குறைய 11 வயதிலிருந்துதான் பிள்ளைகள் கண்ணுக்கு எதிரே இல்லாதவற்றைப் பற்றியும் ஒழுங்காகச் சிந்திக்கத் தொடங்குகிறார்கள் என்று கண்டார். நீதி, சமத்துவம், மனித மாண்பு போன்ற சொற்கள் இந்த வயதில்தான் பிள்ளைக்குப் பொருள்படத் தொடங்குகின்றன.

ஆனால் இதே வயதில் இன்னொன்றும் நடக்கிறது. பெற்றோரின் பாராட்டைவிட நண்பர்களின் அங்கீகாரம் பெரிதாகத் தெரிகிறது. வகுப்பில் குழுக்கள் உருவாகின்றன. குழுவுக்குள் நமக்கு இடம் உண்டா என்ற அச்சம் ஒவ்வொரு பிள்ளையையும் வாட்டுகிறது. தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள எளிதான வழி, இன்னொருவனை வெளியே நிறுத்துவது! எனவே ஒதுக்குகின்ற பிள்ளை எப்போதும் கெட்ட பிள்ளை அல்ல. பல நேரங்களில் அது பயந்த பிள்ளை.

நம் கிராமங்களில் இன்னொரு காரணமும் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை பல பிள்ளைகள் தம் ஊரிலோ தம் தெருவுக்கு அருகிலோ உள்ள தொடக்கப் பள்ளியில் படிக்கின்றனர். ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளிக்கு வரும்போதுதான் அடுத்த ஊர்ப் பிள்ளைகளோடும் அடுத்த தெருப் பிள்ளைகளோடும் முதன்முதலாக ஒரே பெஞ்சில் உட்காருகின்றனர். அந்தப் பிள்ளைகளைப் பற்றி வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் பேசியதையும் புத்தகப் பையோடு சேர்த்தே சுமந்து வருகின்றனர்.

2. ஒதுக்குதல் எப்படி நடக்கிறது?

அடிதடி என்றால் ஆசிரியரின் கண்ணில் படும். ஒதுக்குதல் அப்படிப் படுவதில்லை. அது பட்டப்பெயரில் தொடங்கும். கறுப்பாக இருக்கும் பிள்ளைக்கு ஒரு பெயர், திக்கிப் பேசும் பிள்ளைக்கு ஒரு பெயர், உடல் பருத்த பிள்ளைக்கு ஒரு பெயர். பிறகு டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் ஒரு பிள்ளையைச் சுற்றி மட்டும் இடம் காலியாகும். விளையாட ஆள் பிரிக்கும்போது ஒருவன் எப்போதும் கடைசியாக நிற்பான். வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தியின் எண் மட்டும் இருக்காது.

காரணங்கள் பல: சாதி, நிறம், வறுமை, மாற்றுத்திறன், குறைந்த மதிப்பெண், தந்தையோ தாயோ இல்லாத குடும்பச் சூழல். அண்மைக் காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வட மாநிலங்களிலிருந்து வந்துள்ள தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் சேர்கின்றனர். தமிழ் சரளமாக வராத அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்காமல் 'வடக்கன்' என்று அழைப்பதைக் கேட்கிறோம்.

சில நேரங்களில் ஒதுக்குவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் பெரியவர்களே! உதவித்தொகைப் பட்டியல் தயாரிக்கும்போது இன்ன பிரிவினர் எல்லாரும் எழுந்து நில்லுங்கள் என்பது. கட்டணம் கட்டாத பிள்ளையை வகுப்பில் எல்லாரும் பார்க்க நிறுத்தி வைப்பது. மதிப்பெண் வரிசைப்படி உட்கார வைத்துக் கடைசி பெஞ்சுக்கு ஒரு பட்டம் கொடுப்பது. இவற்றைச் செய்பவர் நல்ல எண்ணத்தோடு செய்யலாம். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் நாற்பது பிள்ளைகளும் அன்று ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள்: மனிதரை இப்படி வகை பிரிக்கலாம் என்ற பாடத்தை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அதன் 17ஆம் பிரிவில், உடல் ரீதியான தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதை ஆசிரியர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

3. இது சிறு விளையாட்டா?

"பிள்ளைகளுக்குள் இதெல்லாம் சகஜம்" என்று சொல்பவர்கள் உண்டு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டியலினத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியதாக வழக்கில் பிடிபட்டவர்களும் சிறுவர்களே. அவர்களுள் அவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்களும் இருந்தனர். இத்தகைய பகை பன்னிரண்டாம் வகுப்பில் திடீரென்று முளைப்பதில்லை. அதன் விதை ஆறாம் வகுப்பு பெஞ்சிலும், அதற்கும் முன்பு வீட்டிலும் ஊன்றப்படுகிறது.

இந்நிகழ்வுக்குப் பின் தமிழக அரசு, ஓய்வு பெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் தம் அறிக்கையை அளித்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றை மாணவர்கள் அணியத் தடை விதிக்க வேண்டும் என்றும், பள்ளிகளின் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை நீக்க வேண்டும் என்றும் அதில் பரிந்துரைத்தார். கையில் கட்டும் ஒரு கயிறு கூட இந்த வயதில் எவ்வளவு பெரிய சுவராக மாறக்கூடும் என்பதை அந்தப் பரிந்துரை நமக்கு உணர்த்துகிறது.

சுவர் என்றதும் நம் திருச்சபை வரலாற்றில் இடம்பெற்ற ஒரு சுவரையும் சொல்லியாக வேண்டும். வடக்கன்குளம் நாம் அனைவரும் அறிந்த ஊர். 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றது அங்கேதான். உயர்ந்த சாதி என்று சொல்லப்பட்ட குடும்பத்தில் நட்டாலத்தில் பிறந்த அவர், சாதி வேறுபாடு பாராமல் மனிதர் அனைவரும் சமம் என்பதை வலியுறுத்தி வாழ்ந்தார். 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அதே வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட ஆலயத்தில், சாதி வாரியாக இறைமக்களைப் பிரித்து நிறுத்தச் சுவர் ஒன்று இருந்தது! 1910ஆம் ஆண்டு அது இடிக்கப்பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் தேவசகாயத்தைப் புனிதராக உயர்த்தியபோது, அவருடைய பெயரோடு வழங்கிவந்த சாதிப் பெயர் நீக்கப்பட்டிருந்தது. இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவர் கட்டியவர்களும் ஜெபம் சொன்னவர்கள்தாம் என்று அறியும் பிள்ளை, தன் உள்ளத்தைச் சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளும்.

இந்திய ஆயர் பேரவை 2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கையும் சாதிப் பாகுபாட்டைப் பெரும் சமூகப் பாவம் என்றே கருதுகிறது. எனவே இது மறைக்கல்விக்கு வெளியே உள்ள அரசியல் என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது.

4. பரிதாபம் வேறு, ஒத்துணர்வு வேறு

ஒத்துணர்வைக் கற்பிக்கும் ஆர்வத்தில் நாம் பரிதாபத்தைக் கற்பித்துவிடக் கூடும். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பரிதாபப்படுபவர் மேலே நின்று கீழே பார்க்கிறார். ஒத்துணர்வு கொண்டவர் அருகில் வந்து அமர்ந்து கேட்கிறார்.

எரிகோ நகரில் பார்வையற்ற பர்த்திமேயுவை ஆண்டவர் சந்தித்த நிகழ்வு (மாற் 10:46-52) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வழியோரம் அமர்ந்திருந்தவர் பார்வையற்றவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவருக்கு என்ன வேண்டும் என்பதும் கேட்காமலேயே விளங்கும். ஆயினும் தமக்காக என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவரிடமே கேட்கிறார். தன் தேவையைத் தன் வாயால் சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுக்கிறார். அவரைக் கையேந்துபவராகப் பார்க்காமல், பேச வேண்டிய மனிதராகப் பார்க்கிறார்.

அமெரிக்க உளவியலறிஞர் டேனியல் பேட்சனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே கருதத்தக்கது. "நான் அவருடைய இடத்தில் இருந்தால் எனக்கு எப்படி இருக்கும்?" என்று நினைப்பவருக்குப் பரிவோடு தன் சொந்தக் கலக்கமும் சேர்ந்து எழுகிறது. "அவருக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று நினைப்பவருக்கோ அந்த மனிதர்மேல் உள்ள பரிவே மேலோங்குகிறது. முதல் கேள்வி நம்மையே சுற்றி வருகிறது. இரண்டாவது கேள்வி அடுத்தவரிடம் போகிறது. ஆகவே வகுப்பில் நாம் இரண்டாவது கேள்வியை அதிகம் பயன்படுத்த வேண்டும்.

பிள்ளைகளின் கண்களைத் துணியால் கட்டி நடக்க வைத்து, பார்வையற்றோரின் துயரத்தை உணரச் செய்யும் பயிற்சியைச் சிலர் நடத்துகின்றனர். எண்ணம் நல்லதே. ஆனால் திடீரென்று கண் கட்டப்பட்ட பிள்ளை உணர்வது, இருட்டில் விடப்பட்டவனின் அச்சத்தை. பல ஆண்டுகளாகப் பிரெயில் படித்து, கோலைத் தட்டி, ஓசையை வைத்து வழி கண்டுபிடிக்கும் ஒருவரின் திறமையை அது உணர்வதில்லை. "ஐயோ பாவம்" என்ற சொல்லோடு அந்தப் பயிற்சி முடிந்துவிடுகிறது. அதைவிட, பார்வையற்ற ஆசிரியர் ஒருவரையோ கல்லூரி மாணவர் ஒருவரையோ அழைத்து, பிள்ளைகள் அவரிடம் கேள்வி கேட்கச் செய்வது நல்லது. எழுத்து முறையை உருவாக்கிய லூயி பிரெயில் பார்வையற்றவர் மட்டுமல்லர், ஆலயத்தில் ஆர்கன் இசைத்த கத்தோலிக்கர். தம் 15ஆம் வயதிலேயே அந்த முறையைப் பெரும்பாலும் வகுத்துவிட்டார் என்று சொன்னால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வியப்போடு கேட்பார்கள்.

5. விவிலியத்திலிருந்து நான்கு பாடங்கள்

கீழ்க்காணும் பகுதிகளை ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். விளக்கத்தைக் குறைத்து, கேள்விக்கு நேரம் கொடுப்பது நல்லது.

அ) யாக்கோபு 2:1-4. தொழுகைக் கூடத்துக்குப் பொன் மோதிரம் அணிந்தவர் வந்தால் நல்ல இருக்கை. அழுக்கு உடை உடுத்திய ஏழை வந்தால் நிற்க இடம். திருத்தூதர் காலத்திலேயே உட்காரும் இடம் ஒரு பிரச்சினையாக இருந்திருக்கிறது. கேள்வி: நம் வகுப்பில் யார் எங்கே உட்காருவது என்பதை முடிவு செய்வது எது?

ஆ) 1 கொரிந்தியர் 11:17-22. கொரிந்து சபையில் ஆண்டவரின் விருந்துக்குக் கூடியபோது, வசதியுள்ளோர் தாம் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு உண்டனர். இல்லாதவர் பசியோடு இருந்தனர். பவுலடியார் அவர்களைப் பாராட்ட மறுக்கிறார். கேள்வி: மதிய உணவு நேரத்தில் நம்மோடு சேராமல் சாப்பிடுபவர் யார்? ஏன்?

இ) விடுதலைப் பயணம் 23:9. எகிப்தில் அந்நியராய் இருந்த இஸ்ரயேல் மக்கள் அந்நியரின் உள்ளம் எப்படியிருக்கும் என்பதை அறிவார்கள். ஆதலால் அந்நியரை ஒடுக்கக் கூடாது. ஒத்துணர்வுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. நம் தமிழ் மக்களும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் பிழைக்கச் சென்றவர்கள்; இன்றும் வளைகுடா நாடுகளில் உழைப்பவர்கள். கேள்வி: நம் குடும்பத்தில் வேறு மொழி பேசும் ஊருக்கு வேலைக்குப் போனவர் யார்? அங்கே முதல் மாதம் எப்படி இருந்தது? இதைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வரட்டும். அதன் பிறகு, வட மாநிலத்துப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது எளிது.

ஈ) யோவான் 9:1-3. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இவர் இப்படிப் பிறந்தது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்கின்றனர். இயேசு இரண்டையும் மறுக்கிறார். மாற்றுத்திறனோடு பிறந்த குழந்தையைக் கண்டு "என்ன பாவமோ, என்ன சாபமோ" என்று பேசும் வழக்கம் கிறிஸ்தவ வீடுகளிலும் இன்னும் இருக்கிறது. கேள்வி: இப்படிப் பேசுவதைக் கேட்கும் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

6. வகுப்பில் செய்யக்கூடியவை

பண்பைப் பற்றிப் பேசுவதால் மட்டும் பண்பு வளராது. பழக்கம் வேண்டும். சில எளிய வழிமுறைகள்:

முதலாவது, பகிர்ந்து கற்கும் முறை. 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில், வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வழிவந்தவர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே பள்ளிகளில் சேர்க்கப்பட்டபோது மோதல்கள் எழுந்தன. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியர் அங்கே ஒரு வழி கண்டார். பிள்ளைகளை ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழுக்களாகப் பிரித்து, பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். தன் பகுதியைக் கற்ற ஒவ்வொருவரும் குழுவுக்கு அதைக் கற்பிக்க வேண்டும். திக்கிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்தால், அந்தப் பிள்ளையிடம் உள்ள பகுதி மற்றவர்களுக்குக் கிடைக்காது. எனவே பொறுமையாகக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். நல்ல சமாரியர் உவமையை (லூக் 10:25-37) ஐந்து பகுதிகளாக்கி மறைக்கல்வி வகுப்பில் இம்முறையை அப்படியே செய்து பார்க்கலாம். செலவு இல்லை. ஐந்து துண்டுத் தாள்கள் போதும்.

இரண்டாவது, பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பழக்குவது. பின்லாந்து நாட்டின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கீவா' என்னும் பள்ளித் திட்டம், கேலி செய்பவனை மட்டும் திருத்த முயல்வதில்லை. சுற்றி நின்று சிரிப்பவர்களையும் வாய் மூடி நிற்பவர்களையும் மாற்ற முயல்கிறது. கேலிக்கு உயிர் கொடுப்பது சிரிப்பு. சிரிப்பு நின்றால் கேலி வாடிவிடும். பர்த்திமேயுவின் நிகழ்வில் கூட்டத்தினர் முதலில் அவரை அதட்டி அடக்கினர். இயேசு நின்று, அவரைக் கூப்பிடச் சொன்னதும், அவருக்குத் துணிவூட்டி அழைத்து வந்தவர்களும் அங்கிருந்தவர்களே. கூட்டம் மாறக்கூடியது! சிரிக்காமல் இருப்பது, பேச்சை மாற்றுவது, பிறகு போய் அருகில் உட்காருவது, ஆசிரியரிடம் சொல்வது ஆகிய நான்கையும் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டிப் பழக்கலாம். ஆசிரியரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது என்பதையும் விளக்க வேண்டும்.

மூன்றாவது, ஒழுங்குகளை மாற்றுவது. இருக்கைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றலாம். விளையாட்டில் தலைவர்கள் ஆள் பிரிப்பதை நிறுத்தி, சீட்டுக் குலுக்கிக் குழு பிரிக்கலாம். திருப்பலியில் வாசகம் வாசிக்கவும் பீடச் சிறாராகவும் காணிக்கைப் பவனியில் செல்லவும் எப்போதும் அதே நான்கு பிள்ளைகளை அழைக்காமல், பட்டியல் போட்டு எல்லாரையும் அழைக்கலாம். கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் அரசர் வேடம் யாருக்கு, ஆட்டுக்குட்டி வேடம் யாருக்கு என்பதைக் கூடப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான்காவது, புகார் வந்தால் நடந்துகொள்ளும் முறை. பாதிக்கப்பட்ட பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி, "மன்னித்தேன் என்று சொல், கை குலுக்கு" என்று கட்டாயப்படுத்தக் கூடாது. மன்னிப்பு அருளின் கனி. அதைக் கட்டளையிட்டுப் பறிக்க முடியாது. முதலில் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். ஒதுக்கிய பிள்ளையையும் தனியே அழைத்து, செய்ததன் விளைவை உணர்த்தி, ஈடு செய்யும் வழியைக் கேட்க வேண்டும். அடி, மிரட்டல், சாதி இழிவு என்று போகுமானால் அது ஆசிரியரோடு முடியும் காரியமன்று. தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும். ஆபத்திலுள்ள குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்கட்டும்.

7. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளும் மறைக்கல்வியும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகையான குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தவை 7 மட்டுமே. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் புதிய பட்டியலில் உள்ளன. 'மக்கு' என்று பெயர் சூட்டப்பட்ட எத்தனையோ பிள்ளைகள் உண்மையில் எழுத்துகளைப் பிரித்தறிவதில் இடர்ப்படும் பிள்ளைகள். மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைக்குப் புதுநன்மை கொடுக்கலாமா, மன்றாட்டுகள் மனப்பாடம் ஆகவில்லையே என்று தயங்கும் பெற்றோர் உண்டு. 2020ஆம் ஆண்டு திருப்பீடம் வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டி நூல் இதற்குத் தெளிவாகப் பதில் தருகிறது. மாற்றுத்திறன் கொண்டோர் அருளடையாள வாழ்வின் முழுமைக்கு அழைக்கப்பட்டவர்கள். அருளடையாளங்கள் கடவுளின் கொடை. அவற்றை அவர்களுக்கு எவரும் மறுக்க முடியாது என்பது அதன் போதனை. இப்பிள்ளைகள் நம்பிக்கையைப் பெற்றுக்கொள்பவர்கள் மட்டுமல்லர், அதை மற்றவர்களுக்கு வழங்குபவர்களும் ஆவர். தம்மோடு புதுநன்மை வாங்கும் ஒரு நண்பன் சொற்களால் சொல்ல முடியாததை முகத்தால் சொல்வதைக் காணும் பிள்ளைகள், நூறு மறையுரைகள் சொல்லாததைக் கற்றுக்கொள்வார்கள்.

முடக்குவாதமுற்றவரைக் கொண்டுவந்த நால்வர் கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல் கூரையைப் பிரித்தனர் (மாற் 2:1-12). கட்டடம் தடையாக இருந்தபோது அவர்கள் மனிதரைத் திருப்பி அனுப்பவில்லை, கட்டடத்தை மாற்றினார்கள். நம் ஆலயத்தின் படிக்கட்டு அருகில் ஒரு சாய்தளம் இருக்கிறதா? மறைக்கல்வி வகுப்பு மாடியில் நடக்கிறதா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அனுப்பி, சக்கர நாற்காலியில் வருபவருக்கு நம் வளாகத்தில் எங்கெங்கே தடை இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, பங்குப் பேரவைக்குத் தரச் சொல்லலாம். பேரவை அந்தப் பட்டியலைப் படித்து ஒன்றையாவது சரி செய்தால், தம் சொல்லுக்கு மதிப்புண்டு என்று பிள்ளைகள் அறிவார்கள்.

8. பெற்றோருக்கு

ஒத்துணர்வின் முதல் பள்ளிக்கூடம் வீடு. வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, சமத்துவத்தைப் பற்றி நாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சொல்லிப் பயனில்லை. தூய்மைப் பணியாளரை "வாடா, போடா" என்று அழைக்கும் தந்தையின் குரல், மறைக்கல்வி ஆசிரியரின் குரலைவிடப் பலமானது. "அவனோடு சேராதே" என்று சொல்லும் முன், ஏன் சேரக் கூடாது என்ற கேள்விக்கு நம்மிடம் நேர்மையான பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிள்ளை ஒதுக்கப்படுவதாகத் தெரிந்தால் "பொறுத்துக்கொள்" என்றோ "நீயும் திருப்பி அடி" என்றோ சொல்லாமல், முதலில் முழுவதும் கேளுங்கள். பள்ளிக்குப் போக மறுப்பது, அடிக்கடி வயிற்று வலி என்பது, டிபன் பாக்ஸ் தொடப்படாமல் திரும்புவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். நம் பிள்ளைதான் ஒதுக்குகிறது என்று தெரியவந்தால் மறைக்காதீர்கள், மழுப்பாதீர்கள். அந்தச் செய்தியைச் சொல்ல வந்த ஆசிரியர் உங்கள் பிள்ளைக்கு நன்மை செய்பவர். பிறந்த நாளுக்கு நண்பர்களை அழைக்கும்போது, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள்.

நிறைவாக

நல்ல சமாரியர் உவமையைத் தொடங்கி வைத்த சட்ட அறிஞர், எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது: இன்னார்வரை நான் அன்பு செய்ய வேண்டும், அதற்கு அப்பால் இல்லை. இயேசு கதையை முடித்துவிட்டு, அடிபட்டுக் கிடந்தவருக்கு அடுத்தவராய் ஆனவர் யார் என்று திருப்பிக் கேட்டார். கோடு அழிந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் அசிசியில் கையொப்பமிட்ட 'ஃப்ரத்தெல்லி தூத்தி' என்னும் சுற்றுமடலின் இரண்டாம் அதிகாரம் முழுவதும் இந்த உவமையைப் பற்றியதே. மனித உடன்பிறந்த நிலையைப் பற்றி எழுதியவர் இந்த ஒரு கதையில் நீண்ட நேரம் நின்றது ஏன் என்று நாம் சிந்திக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் இன்னும் பத்து ஆண்டுகளில் வாக்களிப்பவர்களாக, மணம் முடிப்பவர்களாக, ஊரை நடத்துபவர்களாக ஆவார்கள். இன்று எவரோடு உட்காரப் பழகுகிறார்களோ அவரோடு நாளை வாழவும் பழகுவார்கள். எவரை இன்று பெயர் சொல்லி அழைக்கிறார்களோ அவர்மீது நாளை அரிவாளை ஓங்கக் கை கூசும். வரும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இருக்கைகளை மாற்றிப் போடுவதிலிருந்து தொடங்குவோம்.

அன்பியக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. நம் பங்கில் பிள்ளைகள் ஒன்றுசேரும் இடங்கள் எவை? அவற்றுக்கு வராத பிள்ளைகள் யார்? ஏன் வருவதில்லை?
2. நம் ஊர்த் திருவிழாவிலும் கல்லறைத் தோட்டத்திலும் பிள்ளைகள் காணும் பிரிவினைகள் எவை? அவற்றுள் இந்த ஆண்டு எதை நீக்கலாம்?
3. நம் அன்பியத்தில் மாற்றுத்திறனுள்ள பிள்ளை உண்டா? அந்தக் குடும்பத்தைக் கடைசியாக எப்போது சந்தித்தோம்?

மன்றாடுவோம்:

சிறியோரைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளின் கண்களைத் திறந்தருளும். ஓரத்தில் தனித்து நிற்கும் தோழனையும் தோழியையும் அவர்கள் காணட்டும். அருகில் சென்று அமரும் துணிவை அவர்களுக்குத் தாரும். நாங்கள் கட்டிய சுவர்களை எங்கள் கைகளாலேயே இடிக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.